கிடைத்தது எந்தப் படம்?

மௌனப் படத்துக்கு மொழி இல்லை என்பது பரவலான நம்பிக்கை. மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு மௌனப் படங்களைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் அந்த நம்பிக்கை ஒரு புன்னகையாக எழுவதைப் பார்த்திருக்கிறேன். பேசாத படத்தில் மொழியியல் படித்தவருக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. மௌனப் படங்களின் நடுவே எழுத்து அட்டைகள் வரும். திரைத்துறையினர் டைட்டில் கார்டு என்று சொல்பவை. கதைமாந்தரின் பேச்சு, அவர்கள் எழுதும் கடிதம், அவர்களுக்கு வரும் தந்தி, கதை சொல்லியின் குரல் யாவும் அவற்றில்தான் இருக்கின்றன. வாயசைவு மட்டுமே தெரியும் ஒருவரின் பேச்சை எழுத்தில் தரும்போது அதைப் பேச்சு வழக்கில் தருவதா, எழுத்து வழக்கில் தருவதா? மீனவரும் மாளிகைச் சீமாட்டியும் ஒரே நடையில் பேசலாமா? இரட்டை வழக்குச் சூழலில் வளர்ந்த தமிழர் எவருக்கும் இக்கேள்வியின் கூர்மை உடனே புரியும். 1910 முதல் 1929 வரை வெளிவந்த டேனிஷ், சுவீடிஷ், நார்வீஜியப் படங்களின் எழுத்து அட்டைகளே என் ஆய்வுப் பொருள்.

ஏன் ஸ்காண்டிநேவியா என்ற கேள்வியும் வரும். மூன்றும் நெருங்கிய உறவுடைய மொழிகள். ஒன்றைப் படித்தவர் மற்ற இரண்டையும் ஏறத்தாழ வாசித்துவிடலாம். தமிழறிந்தவர் மலையாளப் பலகைகளை எழுத்துக் கற்றவுடன் புரிந்துகொள்வதுபோல. அதே வழியில் ஏமாறவும் செய்யலாம். ‘வெள்ளம்’ என்ற சொல் கேரளத்தில் குடிநீராகவும் நம்மிடம் பெருக்காகவும் இருப்பதைப் போல, ‘ரூலிக்’ என்ற சொல் டேனிஷில் அமைதியையும் சுவீடிஷில் வேடிக்கையையும் குறிக்கும். மேலும் இம்மூன்று மொழிகளும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், வெவ்வேறு ஆண்டுகளில், தம் எழுத்து முறையைத் திருத்திக்கொண்டவை. அதனால் என்ன பயன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் இருப்பது ஹைதராபாத்தில். கோபன்ஹேகனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் சென்று ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து படம் பார்ப்பதற்கு என் உதவித்தொகை போதாது. ஆகவே இணையத்தில் கிடைப்பவற்றைக் கொண்டுதான் ஆய்வு என்று முன்மொழிவில் எழுதினேன். ஆய்வுக் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், தெலுங்குச் சுவடிகளைப் பதிப்பிப்பதில் நெடுங்காலம் செலவிட்டவர், முழுவதையும் அமைதியாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: “படம் கிடைத்துவிட்டது என்கிறீர்கள். கிடைத்தது எந்தப் படம்?”

அந்தக் கேள்விக்கு விடை எழுதுவதிலேயே ஓர் ஆண்டு சென்றது. இணையத்தில் பழம்படம் தேடுவது என்றால் சரியான சொல்லைப் பெட்டியில் தட்டுவது என்றே பலரும் எண்ணுகிறோம். தட்டினால் ஒரு கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்பு 1913இல் திரையிடப்பட்ட படம்தானா, எந்த நாட்டில் திரையிடப்பட்டது, எவ்வளவு எஞ்சியிருக்கிறது, அதன் எழுத்து யாருடையது என்பவை அதன்பிறகே தொடங்கும் கேள்விகள். பெயர், நீளம், எழுத்து என்ற மூன்று உரைகல்கள் எனக்குக் கைகொடுத்தன.

முதலில் பெயர். மௌனப் படம் எல்லை கடக்கும்போது எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றினால் போதும். கூடவே படத்தின் பெயரும் மாறிவிடும். செல்மா லாகர்லோஃபின் நாவலைக் கொண்டு விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கி 1921 புத்தாண்டு நாளில் வெளியான படத்தின் சுவீடிஷ் பெயர் ‘ஷோர்கார்லன்’. வண்டியோட்டி என்று பொருள். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் கடைசியாக இறப்பவர் ஓராண்டுக் காலம் சாவின் வண்டியை ஓட்ட வேண்டும் என்ற நாட்டார் நம்பிக்கையில் பிறந்த கதை. ஆங்கிலத்தில் இது ‘பேய் வண்டி’ என்ற பொருளுடைய பெயரால் இன்று அறியப்படுகிறது. ஆனால் அக்காலத்துப் பிரிட்டனில் ‘உன் ஆன்மா சாட்சி சொல்லும்’ என்றும், அமெரிக்காவில் ‘நள்ளிரவு மணியோசை’ என்றும் பொருள்படும் பெயர்களில் வந்தது. அக்காலத்து அமெரிக்க வணிக இதழ் ஒன்றில் இதைப் பற்றிய குறிப்பைத் தேடுபவருக்கு இன்றைய பெயர் உதவாது. அதே இயக்குநரின் 1918ஆம் ஆண்டுப் படம், ‘மலைவாழ் ஐவிந்தும் அவன் மனைவியும்’ என்ற பொருளுடையது, பிரெஞ்சில் ‘நாடு கடத்தப்பட்டோர்’ ஆகி, அமெரிக்காவில் ‘நீயும் நானும்’ என்று சுருங்கியது.

இத்தகைய பெயர்களைத் தொகுத்து ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டவணை தயாரிப்பதுதான் என் முதல் ஆறு மாத வேலை. மொழியியல் பயிற்சி இங்கே பயன்பட்டது. இம்மொழிகளில் ‘அந்த’ என்று சுட்டும் சுட்டு, சொல்லின் இறுதியில் விகுதியாக ஒட்டும். தேடும்போது விகுதியைக் கழற்றியும் சேர்த்தும் பார்க்க வேண்டும். அகர வரிசையும் வேறு. சுவீடிஷில் தலைமேல் வட்டமிட்ட ‘ஏ’ உள்ளிட்ட மூன்று எழுத்துகள் நெடுங்கணக்கின் கடைசியில் நிற்கும். அவற்றை முதலில் தேடுபவர் பட்டியலில் அப்படமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். டேனிஷில் பழைய முறைப்படி இரட்டை ‘ஏ’ கொண்டு எழுதிய சொல்லும் அதே கடைசி இடத்துக்குப் போய்விடும். ‘தமிழ்’ என்ற நம் மொழிப் பெயரையே உரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதி மூன்று இடங்களில் வைத்திருக்கும் நூலகப் பட்டியல்களில் பழகிய நமக்கு இது புதிதன்று.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஓர் உயிரெழுத்து பற்றியது. மௌரிட்ஸ் ஸ்டில்லர் 1916இல் இயக்கிய படம் ஒன்றின் பெயர் ‘விங்கார்னே’. சிறகுகள் என்று பொருள். டேனிஷ் எழுத்தாளர் ஹெர்மன் பாங்கின் ‘மிக்கேல்’ நாவலைத் தழுவியது. ஆணுக்கு ஆண்மீது உள்ள காதலைத் தொட்ட மிகப் பழைய திரைப்படங்களுள் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. இக்காலச் சுவீடிஷில் இச்சொல் ‘விங்கார்னா’. பழைய எழுத்து வழக்கில் ஆண்பால் பெயர்களின் பன்மைச் சுட்டு ‘ஏ’ என்று முடியும். இன்று எல்லாம் ‘ஆ’. நீண்ட காலம் தொலைந்ததாகக் கருதப்பட்ட இப்படத்தின் பிரதி 1980களில் கிடைத்தது, அதுவும் பாதியளவே. கிடைக்காத பகுதிகளை நிழற்படங்களையும் எழுத்துகளையும் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். படத்தில் பாதியை இழந்த நமக்குப் பெயரிலும் ஓர் எழுத்து இடறுகிறது.

இரண்டாவது நீளம். பழைய படங்களின் ஆவணங்களில் ‘ஓடும் நேரம்’ பெரும்பாலும் இராது. மீட்டர் கணக்கு இருக்கும். சுவீடனில் 1911இல் அரசுத் திரைப்படத் தணிக்கை தொடங்கியது. அதன் பதிவுகளில் ஒவ்வொரு படமும் எத்தனை மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை எனக்குக் கற்றுத் தந்தவர் ஐரோப்பிய அறிஞர் எவருமல்லர், என் பெரியப்பா. நெல்லைச் சீமையில் ஒரு டூரிங் கொட்டகையில் பல ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவர். டேனிஷ் படம் ஒன்றில் காட்சிகள் வெட்டுண்டிருக்குமோ என்ற ஐயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது: “படம் எத்தனை அடிம்மா? ஆயிரம் அடி ரீலுன்னா பதினோரு நிமிசம். நீ அடியைச் சொல்லு, நான் நேரத்தைச் சொல்றேன்.”

அவர் சொன்னது பேசும் படத்தின் கணக்கு: நொடிக்கு 24 சட்டகம். மௌனப் படத்தில் வேகம் நிலையாக இல்லை. 16, 18, 20 என்று மாறும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு மீட்டருக்கு 52 அல்லது 53 சட்டகங்கள். ஆகவே 1100 மீட்டர் நீளமுள்ள படம் நொடிக்கு 18 சட்டக வேகத்தில் 53 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும்; 24 சட்டக வேகத்தில் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நான் ஐயப்பட்ட பிரதியின் ஆவண நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். இணையத்தில் ஓடிய நேரம் 40 நிமிடம். அதில் எதுவும் வெட்டப்படவில்லை. கதைமாந்தர் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக இருந்ததற்குக் காரணம் பிரதியை மாற்றியவர் பேசும் படத்தின் வேகத்தில் அதை ஓட்டியிருந்ததே. இறந்த குழந்தையின் கட்டிலருகே தாய் அமரும் காட்சி நகைச்சுவைபோலத் தெரிந்ததற்கும் அதுவே காரணம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் அமர்கிறாள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆவணம் 1500 மீட்டர் என்கிறது, கோப்பு எந்த வேகத்துக்கும் பொருந்தாமல் 35 நிமிடத்தில் நிற்கிறது என்றால், பாதியை நாம் பார்க்கவே இல்லை. இணையத்தில் அதைப் பார்த்த பலர் ‘கதை தாவுகிறது, அக்காலத்தில் கதை சொல்லத் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இழப்பின் பழி படைத்தவர்மீது விழுந்துவிடுகிறது. இந்தியத் தணிக்கைச் சான்றிதழிலும் நீளமும் ரீல் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். படம் தொடங்குமுன் சில நொடிகள் தோன்றும் அந்தத் தாளை இப்போதெல்லாம் நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

மூன்றாவது எழுத்து. என் ஆய்வுக்கு இதுவே உயிர்நிலை. அட்டைகளின் மொழியை ஆராய்பவள் முதலில் அறிய வேண்டியது அந்த மொழி எந்தக் காலத்தது என்பதை. டென்மார்க்கின் பெரிய நிறுவனமான நார்டிஸ்க், 1906இல் ஓலே ஓல்சன் தொடங்கியது, உள்நாட்டுச் சந்தையை மட்டும் நம்பி வாழவில்லை. அதன் படங்கள் உலகெங்கும் போயின. சென்ற நாட்டில் அந்நாட்டு மொழி அட்டைகள் சேர்க்கப்பட்டன. டேனிஷ் பிரதி அழிந்து வெளிநாட்டுப் பிரதி மட்டும் எஞ்சிய படங்களும் உண்டு. அத்தகைய ஒன்றை மீட்கும்போது அட்டைகளைத் திரும்ப டேனிஷில் எழுத வேண்டிவரும். நிறுவனத்தின் பழைய அட்டைப் பட்டியல் கிடைத்தால் பழைய சொற்களே திரும்ப வரும். கிடைக்காவிட்டால், திரையில் நாம் வாசிப்பது மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் மொழிபெயர்த்தது. அதை 1913இன் பேச்சு நடைக்குச் சான்றாக நான் காட்டினால், காற்றில் வீடு கட்டியதாகும்.

இங்கேதான் எழுத்துச் சீர்திருத்தம் கைகொடுக்கிறது. டேனிஷ் எழுத்து முறை 1948இல் மாற்றப்பட்டது. அதற்கு முன் ஜெர்மனைப் போலப் பெயர்ச்சொற்கள் யாவும் பெரிய எழுத்தில் தொடங்கும். பின்னர் அவ்வழக்கம் நீங்கியது. இரட்டை ‘ஏ’யின் இடத்தில் வட்டமிட்ட ‘ஏ’ வந்தது. ‘இயன்றது’ என்ற பொருளில் ‘குண்டே’ என்று எழுதியது ‘குன்னே’ ஆயிற்று. ஆகவே பழைய படம் என்று தரப்பட்ட ஒன்றில் பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில் தொடங்கி, வட்டமிட்ட எழுத்தும் ‘குன்னே’யும் சேர்ந்து வந்தால், அந்த அட்டை பெரும்பாலும் 1948க்குப் பின் யாரோ எழுதியது. நார்வேயில் 1907, 1917, 1938 என மூன்று திருத்தங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு வளையம்போலத் தடம் விட்டிருக்கிறது. தலைநகர் கிறிஸ்டியானியா என்ற பெயரை விட்டு ஓஸ்லோ ஆனது 1925இன் தொடக்கத்தில். அட்டையில் வரும் ஊர்ப்பெயர்கூடக் காலம் சொல்லும். சுவீடிஷில் 1906ஆம் ஆண்டின் திருத்தம் சொல்லின் முன்னே ஒலியின்றி நின்ற எழுத்துகளை நீக்கியது. ஆனால் பன்மைக்கெனத் தனி வினைவடிவம் எழுத்து வழக்கில் 1940களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. பேச்சில் அது நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்டது. ஒரு சுவீடிஷ் அட்டையில் பலர் சேர்ந்து பேசும்போது ஒருமை வினை வந்தால் இரண்டு விளக்கங்கள் இயலும்: அக்கால எழுத்தாளர் பேச்சு வழக்கைத் துணிந்து எழுதினார், அல்லது அட்டையே பிற்காலத்தது. முதலாவது என் ஆய்வின் கண்டுபிடிப்பு. இரண்டாவது என் ஆய்வின் மரணம். இரண்டையும் பிரிப்பது மற்ற சொற்களின் எழுத்து முறைதான்.

தமிழர்க்கு இந்த முறையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யானைத் தும்பிக்கை போல் வளைந்த கொம்புடைய ‘லை’யைத் திரையில் கண்டவுடன் 1978ஆம் ஆண்டின் அரசாணைக்கு முந்தைய எழுத்து மரபு என்று நாம் அறிவோம். புள்ளியிடாத ஓலையில் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் நோக்கிப் படித்த மரபு நம்முடையது. பாடபேதம் என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

பாடபேதம் என்ற அச்சொல்லே பேராசிரியரின் கேள்விக்கு என் விடையாகவும் ஆனது. ஒரு படத்துக்கு ஒரே மூலப் பிரதி இருந்தது, மற்றவை அதன் சிதைவுகள் என்று எண்ணுவது எப்போதும் பொருந்தாது. ஆகஸ்ட் புளோம் 1913இல் நார்டிஸ்க் நிறுவனத்துக்காக எடுத்த ‘அட்லாண்டிஸ்’ படத்தை நினையுங்கள். கெர்ஹார்ட் ஹௌப்ட்மனின் நாவலைத் தழுவியது. நடுக்கடலில் கப்பல் மூழ்கும் காட்சிக்காகப் பேர்பெற்றது. டைட்டானிக் மூழ்கி ஓராண்டே கழிந்திருந்த நேரம். அப்படத்துக்கு மகிழ்ச்சியான முடிவு ஒன்று உண்டு. ரஷ்யச் சந்தைக்கென்று துயர முடிவு ஒன்றும் தனியே எடுக்கப்பட்டது. இரண்டும் அதே நிறுவனம் அதே காலத்தில் எடுத்தவை. இவற்றுள் எது ‘உண்மையான’ அட்லாண்டிஸ்? பதிப்பாசிரியர் செய்வதையே நானும் செய்கிறேன்: எந்தப் பிரதி, எந்த நாட்டுக்குரியது, எவ்வளவு நீளம், எந்த எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதிவிட்டுப் பிறகு பேசத் தொடங்குகிறேன்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், எஞ்சியது அவ்வளவு குறைவு. அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீருக்குள்ளும் அணையாது, பற்றாவிட்டாலும் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். 1941 செப்டம்பர் 22 அன்று ஸ்டாக்ஹோமின் வின்டர்விக்கன் பகுதியில் நிகழ்ந்த வெடிவிபத்தில், அங்கே சேமித்து வைத்திருந்த சுவீடிஷ் மௌனப் படங்களின் மூல நெகட்டிவ்களில் பெரும்பகுதி அழிந்தது. ஷோஸ்ட்ரோம், ஸ்டில்லர் இருவரின் உழைப்பும் அதில் எரிந்தது. இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் வேறெங்கோ சென்று தப்பிய பிரதிகள்.

தப்பிய வழிகள் வியப்பானவை. ஷோஸ்ட்ரோம் 1912இல் எடுத்த ‘தோட்டக்காரர்’ படத்தைச் சுவீடனின் தணிக்கை தடை செய்தது. சொந்த நாட்டில் திரையேறாத அப்படம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. டேனிஷ் இயக்குநர் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய படத்தின் மூல நெகட்டிவ் 1928இல் தீயில் அழிந்தது. 1981இல் அதன் முழுமையான பிரதி, டேனிஷ் எழுத்து அட்டைகளோடு, ஓஸ்லோவை அடுத்த ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் கிடைத்தது. இவற்றினும் என்னை அசைத்தது மற்றொன்று. நார்வேயின் தேசிய நூலகம் ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே மோ இ ரானா என்ற ஊரில் மலையைக் குடைந்த நிலவறைகளில் நைட்ரேட் படங்களைப் பாதுகாக்கிறது. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட 1927ஆம் ஆண்டுச் சீனப் படம் ஒன்று, சிலந்திப் பெண்களின் குகையைப் பற்றிய கதை, அங்கேதான் 2011இல் அடையாளம் காணப்பட்டது. 1929இல் ஓஸ்லோவில் ஓடிய பிரதி. நார்வீஜிய எழுத்தும் அதில் இருந்தது.

படமே கிடைக்காதபோது படத்தைப் பற்றிய தாள்கள் பேசும். வளையாபதியை நாம் முழுதாகப் படித்ததில்லை; உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் புறத்திரட்டில் இடம்பெற்றதாலும் சில பாடல்களை அறிவோம். அதைப் போலவே தொலைந்த டேனிஷ், சுவீடிஷ் படங்கள் துணை ஏடுகளில் வாழ்கின்றன: தணிக்கைப் பதிவுகள், நிறுவனங்களின் எழுத்து அட்டைப் பட்டியல்கள், செய்தித்தாள் விளம்பரங்கள், திரையரங்கில் விற்ற கதைச் சுருக்கச் சிற்றேடுகள். டேனிஷ் திரைப்பட நிறுவனம் எஞ்சிய மௌனப் படங்களை எண்மமாக்கி இணையத்தில் யாவரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. சிற்றேடுகளையும் தன் தரவுத்தளத்தில் படியெடுத்து இட்டிருக்கிறது. சுவீடனில் திரைப்பட நிறுவனமும் தேசிய நூலகமும் சேர்ந்து 2011இல் தொடங்கிய தளத்தில் பழைய ஆவணப் படங்களும் விளம்பரப் படங்களும் நிறைந்துள்ளன. பல நாட்டுக் காப்பகங்களை ஒருங்கே தேட ஐரோப்பியத் திரைப்பட நுழைவாயில் என்ற தளம் இருக்கிறது. எல்லா வாசலும் திறந்திருக்கவில்லை. நார்வே தேசிய நூலகத்தின் சில பொருட்கள் அந்நாட்டு இணைய முகவரிக்கு மட்டுமே திறக்கும். அத்தகைய இடங்களில் நூலகருக்குக் கடிதம் எழுதுவதே வழி. படத்தின் எல்லாப் பெயர்களையும், ஆவண நீளத்தையும், எந்த அட்டை வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு எழுதினால் பதில் வருகிறது. ‘உங்களிடம் உள்ள பழைய படங்களை அனுப்ப இயலுமா’ என்ற கடிதத்துக்கு எந்த நாட்டிலும் பதில் வராது.

இரவில் விடுதி அறையில் இந்தத் தளங்களைத் திறந்து வைத்திருக்கும்போது ஓர் எண்ணம் நெருடாமல் இருப்பதில்லை. டென்மார்க் அக்காலத்தில் முப்பது லட்சம் அளவே மக்கள்தொகை கொண்ட நாடு. அதன் 1910ஆம் ஆண்டுப் படத்தை, ஆஸ்டா நீல்சனின் முதல் படத்தை, ஹைதராபாத்தில் இருந்து நான் பார்க்கிறேன். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வத’த்தை, தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை, உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க இயலாது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் உருவாயின. எஞ்சியவை சில பத்துகளுக்குள் அடங்கும். தப்பியவற்றுள் ஒன்றான ‘மார்த்தாண்ட வர்மா’, நாவலின் பதிப்புரிமை வழக்கில் முடங்கியதால் பிரதி ஓரிடத்தில் கிடந்து, பின்னர் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. சுவீடனில் தணிக்கை தடுத்த படம் கடல்கடந்து தப்பியது. இங்கே வழக்கு முடக்கியது காப்பாற்றியது.

பொறாமையோடு நின்றுவிடுவதில் பயன் இல்லை என்று தோன்றுகிறது. டென்மார்க்கில் கதைச் சுருக்கச் சிற்றேடு இருந்ததுபோல நம்மிடம் பாட்டுப் புத்தகம் இருந்தது. தொலைந்த தமிழ்ப் படங்களுக்கு இன்று எஞ்சியுள்ள சான்றுகளில் அதுவே முதன்மையானது. கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல் முழுவதும் அதில் இருக்கும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் சில தப்பியிருக்கின்றன. நம் பேசும் படங்கள் இலங்கை, பர்மா, மலாயா வரை போயின. ஒரு சீனப் படம் ஆர்க்டிக் வட்டத்தின் அருகே காத்திருக்க முடியுமானால், தேட வேண்டிய இடங்களின் பட்டியல் நமக்கும் நீண்டதுதான். தேடுபவர் கையில் பெயர்களின் அட்டவணை ஒன்று இருக்க வேண்டும். அது இன்னும் முழுமையாக யாரிடமும் இல்லை.

ஆகவே இதைப் படிக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட தாளாகக்கூட, 1950க்கு முந்தைய பாட்டுப் புத்தகமோ கொட்டகைத் துண்டறிக்கையோ இருந்தால் தயவுசெய்து நேராக்கவோ பசையிட்டு ஒட்டவோ வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுங்கள். படத்தின் பெயர் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, பிழையென்று தோன்றினாலும் திருத்தாமல், அப்படியே எழுதுங்கள். திரையிட்ட ஊரும் நாளும் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பெயரோடு அட்டவணையில் சேர்க்கிறேன். அட்டவணை எவருக்கும் திறந்திருக்கும்.